மேலுக்குப் பூசுவதுதானே என்று சொல்லாதீர்கள்

படர்தாமரை பற்றிக் கேட்டால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான் வரும். உடம்புச் சூட்டால் வருவது. சுத்தம் இல்லாதவர்களுக்கு வருவது. மருந்துக் கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கிப் பூசினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். திரும்ப வந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். மேலுக்குப் பூசுவதுதானே, அதில் என்ன கெடுதல்?

இந்தப் பதிலில் ஒரு வரிகூடச் சரியில்லை. வெறும் தவறான எண்ணமாக இது நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இதை நம்பி நாம் நடந்துகொண்ட விதம், சில வார மருந்தில் ஆறக்கூடிய ஒரு தோல் நோயை ஆண்டுக்கணக்கில் ஆறாத நோயாக்கிவிட்டது. பத்தாண்டுக்கும் மேலாக இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைச் சொல்லிவருகிறார்கள். முன்பு தொடை இடுக்கோடு நின்ற படர்தாமரை இப்போது இடுப்பு, வயிறு, முதுகு என்று பரவுகிறது, முகத்துக்கு ஏறுகிறது, ஒரே வீட்டில் பாட்டி முதல் பச்சிளம் குழந்தை வரை எல்லோருக்கும் வருகிறது, மாத்திரை கொடுத்தும் எளிதில் மசிவதில்லை. இதற்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் வெயில் புதிதாக வந்ததல்ல.

முதலில் சூட்டைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதைத் தின்று வாழும் பூஞ்சைகள்தான் இதற்குக் காரணம். அவை ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாகத் தொற்றும். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடை வழியாகத் தொற்றும். சில வகைகள் நாய், பூனை, மாட்டிடமிருந்தும் தொற்றும். உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் சூடு என்று இதில் எதுவும் இல்லை. வியர்வை தோலை ஈரமாகவே வைத்திருப்பதால் பூஞ்சை செழிக்கிறது என்பது உண்மை. ஆனால் வியர்வை பூஞ்சையை உண்டாக்குவதில்லை. இளநீரும் மோரும் வயிற்றுக்கு நல்லது. இடுப்பில் படர்ந்திருக்கும் பூஞ்சையை அவை எட்டுவதில்லை.

அடுத்து அந்த டியூப். கடையில் கேட்டதும் கைக்கு வரும் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின் என்று நான்கு மருந்துகள் ஒரே களிம்பில் கலந்திருக்கலாம். அல்லது பீட்டாமெத்தசோன், ஜென்டாமைசின், மைக்கோனசோல் என்றிருக்கலாம். முதல் வகையில் பூஞ்சையைத் தாக்குவது டெர்பினாஃபின் ஒன்றுதான். ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கானது. ஆர்னிடசோல் அமீபா போன்ற கிருமிகளுக்கும் காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியாவுக்கும் உரியது. படர்தாமரையில் இந்த இரண்டுக்கும் வேலை இல்லை. மிஞ்சுவது குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான பிரிவைச் சேர்ந்தது அது.

இரண்டு நாளில் அரிப்பு நிற்பது இந்த ஸ்டீராய்டால்தான். பூஞ்சை நுழைந்ததும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பின் வெளிப்பாடே சிவப்பும் தடிப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, சத்தம் நின்றது என்று தூங்கப் போவதற்கு ஒப்பான செயல் இது. பூசுகிறவர் குணமாகிவிட்டதாக நம்புகிறார். அந்த நாட்களில் பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. டியூபை நிறுத்தியதும் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. அப்போது அவர் எடுக்கும் முடிவு, "அந்த மருந்துதான் கேட்டது, அதையே வாங்குவோம்" என்பது. இப்படியே மாதங்கள் ஓடுகின்றன.

இது நேற்று கண்டுபிடித்த சேதி இல்லை. பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968லேயே இதை எழுதிவிட்டார்கள். ஸ்டீராய்டு பூசியதால் வட்டமும் ஓரமும் கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாதபடி உருமாறிய நோய்க்கு அவர்கள் 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே மருத்துவ உலகம் அறிந்த தீங்கு, இன்றும் நம் தெருமுனைக் கடையில் நிவாரணமாக விற்கப்படுகிறது.

"மேலுக்குப் பூசுவதுதானே" என்ற வரிக்கு வருவோம். இவை அனைத்திலும் ஆபத்தானது இதுதான். உடம்பின் தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கொண்டதல்ல. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை உடம்பின் வெவ்வேறு பகுதிகளில் பூசி எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று அளந்தார்கள். முன்னங்கையின் உட்புறத்தில் இறங்குவதை ஒரு பங்கு என்று வைத்தால், நெற்றியில் 6 பங்கு, விரைப்பையில் 42 பங்கு. நம் ஊரில் ஸ்டீராய்டுக் களிம்பு அதிகம் பூசப்படும் இடம் தொடை இடுக்கு. அதாவது, எங்கே மிக அதிகமாக உறிஞ்சப்படுமோ அதை ஒட்டியே மிக வீரியமான மருந்தைப் பூசுகிறோம். மடிப்புகளில் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் மருந்து இன்னும் அழுத்தமாக இறங்கும்.

விளைவைத் தோல் மருத்துவரிடம் போனவர்கள் அறிவார்கள். தோல் காகிதம்போல் மெலிகிறது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் சிவந்த வரித்தழும்புகள் விழுகின்றன. பூஞ்சை ஒருநாள் போகும். அந்தத் தழும்புகள் போகாது. முகத்தில் பூசியவர்களுக்குப் பருவும் சிவப்பும், வெயில் பட்டால் எரிச்சலும் வருகின்றன. குழந்தைகளுக்கு உடம்பின் பெரும்பகுதியில் நெடுநாள் பூசினால் ஸ்டீராய்டு ரத்தத்தில் கலந்து வளர்ச்சியையே பாதிக்கக்கூடும். மாத்திரையை விழுங்க ஆயிரம் முறை யோசிக்கிற நாம், களிம்பு என்றால் யோசிப்பதே இல்லை.

இந்தத் தவறான பழக்கத்தின் விளைவு நம்மோடு நிற்கவுமில்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அங்கே சிகிச்சைக்கு வந்த ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் கண்ட பூஞ்சைக்கு 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் பூஞ்சையின் ஒரு நொதியைத் தடுத்து அதன் செல் சவ்வு உருவாகாமல் செய்கிறது. இந்தப் பூஞ்சையின் பல மாதிரிகளில் அந்த நொதிக்கான மரபணுவே மாறியிருக்கிறது. அதனால் மருந்து பிடிப்பதில்லை. 2023இல் நியூயார்க்கில் இரு பெண்களிடம் அதைக் கண்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர். அரைகுறையாகப் பூசும் வழக்கமும் ஸ்டீராய்டுக் கலவைகளும் இந்தப் பூஞ்சை பரவ வழிவிட்டன என்பதே தோல் மருத்துவர்களின் பரவலான கணிப்பு. இவ்வளவு நடந்த பிறகும் இதைச் சின்ன விஷயம் என்பது பொறுப்பற்ற பேச்சு.

"சுத்தம் இல்லாதவர்களுக்கு வருவது" என்ற வரி வேறொரு வகையில் கொடியது. அது நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது. பூஞ்சைக்கு வேண்டியது அழுக்கு இல்லை, ஈரம். அடுப்படியில் எட்டு மணி நேரம் நிற்கும் சமையல்காரர், கனத்த காக்கி உடையில் சாலையில் நிற்கும் காவலர், ரெக்ஸின் இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர், பஞ்சாலைத் தொழிலாளி, வயல் சேற்றில் நாற்று நடும் பெண் ஆகியோர் சுத்தம் தெரியாதவர்களா? அவர்களுடைய வேலையே உடம்பை ஈரத்தில் வைத்திருக்கிறது. தினம் இரண்டு முறை குளித்து, சரியாகத் துவட்டாமல் இறுக்கமான ஜீன்ஸை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் இதே நோய் வருகிறது. அவமானத்தால் இவர்கள் யாரிடமும் காட்டுவதில்லை. காட்டக் கூசுவதால் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி டியூப் கேட்கிறார்கள். சுத்தத்தைச் சொல்லிக் குத்திக்காட்டும் நாமே அவர்களை அந்த டியூபிடம் அனுப்புகிறோம்.

நம் வீட்டுப் பெண்களின் நிலை இதைவிடக் கடினம். உள்ளாடையைக் கொடியில் வெளிப்படையாகக் காயப்போடக் கூடாது என்று புடவைக்கு அடியில், குளியலறை மூலையில், நிழலில் உலர்த்தச் சொல்லி வளர்க்கிறோம். அது முழுதாக உலராமலே மறுநாள் உடம்பில் ஏறுகிறது. மானம் என்று நாம் சொல்லிக்கொடுத்ததே அங்கே பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. வெயிலில் துணி காயப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு வீடும் சொல்ல வேண்டும்.

சுத்தத்தின் பெயரால் செய்யும் சில காரியங்கள் நோயை வளர்க்கவும் செய்கின்றன. கிருமிநாசினியை நீர் கலக்காமல் ஊற்றிக் கழுவுவது, கரகரப்பான நாரால் தேய்ப்பது, பூண்டை அரைத்துக் கட்டுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். பூஞ்சை பரவ இன்னும் வசதியாகும். பூண்டுக் கட்டால் தோல் வெந்து கொப்புளமானவர்கள் உண்டு. சீமையகத்தி இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அதிலிருந்து களிம்பும் செய்கிறார்கள். படித்த சித்த மருத்துவரிடம் போய் அதைக் கேட்பது வேறு, காதில் விழுந்ததையெல்லாம் அரைத்துப் பூசுவது வேறு.

இன்னொரு பெரிய தவறு, எல்லா வட்டமும் படர்தாமரை என்றும் வட்டமாக இல்லாதது எதுவும் பூஞ்சை இல்லை என்றும் எண்ணுவது. ஓரம் சிவந்து தடித்து, செதில் உதிர்ந்து, நடுப்பகுதி தெளிந்துகொண்டே வெளிப்பக்கம் பரவி, கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. கால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறி உரிவதை நாம் சேற்றுப்புண் என்கிறோம். பல நேரம் அதுவும் பூஞ்சைதான். குழந்தையின் தலையில் முடி ஒடிந்து செதிலோடு சொட்டை விழுந்தால் அது முடி வேரிலுள்ள பூஞ்சையாக இருக்கலாம். அதற்குக் களிம்பு போதாது, மாத்திரை வேண்டும். மார்பிலும் முதுகிலும் வெளிறியோ பழுப்பாகவோ மெல்லிய செதிலோடு வரும் தேமல், எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்ற வேறொரு பூஞ்சை மிகுந்து வளர்வதால் வருவது. அது பிறருக்கு ஒட்டும் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. குணமான பின்பும் பழைய நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிப் புதிதாக எதையும் பூச வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் தனியாகக் கவனிக்க வேண்டும். மார்பகத்துக்கு அடியில், அடிவயிற்று மடிப்பில், பிறப்புறுப்பில் செக்கச் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு பொட்டுகளோடு எரிச்சல் வந்தால் அது கேண்டிடா பூஞ்சையாக இருக்கக்கூடும். திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பதே பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. வெளிறிய அல்லது சிவந்த படையில் அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் இன்னும் முற்றாக மறையவில்லை. அதற்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. தொடக்கத்தில் கண்டால் ஊனமில்லாமல் குணமாகும். அதைப் படர்தாமரை என்று எண்ணி ஆறு மாதம் டியூப் பூசுகிறவர் இழப்பது கையின் நரம்பை. பூஞ்சைதானா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது: செதிலை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். சில நிமிட வேலை, செலவும் குறைவு.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சந்திக்க வேண்டும். "நாள் கூலியை விட்டுவிட்டு ஏழை எப்படித் தோல் டாக்டரிடம் போவான்? கடைக்காரர்தான் அவனுக்கு மருத்துவர்" என்கிறார்கள். இதில் உள்ள வேதனை உண்மையானது. இதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. மாதாமாதம் டியூப், கடைசியில் தனியார் மருத்துவமனை, பல வார மாத்திரை, வீடு முழுவதற்கும் சிகிச்சை என்று கணக்குப் போட்டால் அந்த மலிவான டியூப் அவருக்கு வந்த பெருஞ்செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவிலும் பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை. அங்கே போக முடியாத நாளில் கடையிலேயே வாங்குவதென்றாலும், ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரைமசோல் போன்ற தனிப் பூஞ்சை மருந்து இருக்கிறது. ஏழைக்கு இரங்குகிறவர்கள் கலவை டியூபுக்கு ஆதரவு பேசுவதை விட்டு, அவர் கைக்கு இந்தத் தனி மருந்து போய்ச் சேர வழி கேட்க வேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. பூசும் ஸ்டீராய்டுகள் நெடுங்காலம் விதிவிலக்கில் தப்பியிருந்தன. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை 'எச்' என்ற பிரிவுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்த 328 கலவை மருந்துகளில் தோல் களிம்புகளும் இருந்தன. ஒரு கலவையைத் தடுத்தால் ஒரு மருந்தை மாற்றிச் சேர்த்து இன்னொரு கலவை வருகிறது. சீட்டு கேட்காமல் விற்கும் கடையும், காத்திருப்போர் வரிசையை முடிக்க அதே கலவையை எழுதித் தரும் மருத்துவரும், அதைத் தயாரித்துத் தள்ளும் நிறுவனமும் இதில் பங்காளிகள். பழியைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

சரியான சிகிச்சை கடினமானதல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை மருத்துவர் சொன்ன வேளைகளில், படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். தோல் முழுக்கத் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அதிக இடத்தில் பரவியிருந்தாலோ, ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசியிருந்தாலோ மாத்திரை தேவைப்படும். அது பல வாரம் நீளலாம். மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படி நேர்வது அரிது. கல்லீரல் நோயோ, இதயச் செயலிழப்போ, வேறு மாத்திரைகளோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார். இட்ராகோனசோல் காப்ஸ்யூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டதும் எடுக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அது சரியாக உடம்பில் ஏறாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியவர்கள் அதை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். அதற்கு அஞ்சித் திரும்ப டியூபை எடுக்காமல், மருத்துவரிடம் அரிப்பைத் தணிக்கும் மாத்திரை கேட்டு அந்த நாட்களைக் கடக்க வேண்டும்.

தடுப்பும் இதில் பாதி வேலை. வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் அடுத்தவரிடமிருந்து திரும்ப வரும். ஆளுக்கொரு துண்டு வேண்டும். நோயாளியின் துணியைத் தனியாக, முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் அலசி, வெயிலில் உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போட வேண்டும். தளர்ந்த பருத்தி உடை நல்லது. குளித்தபின் மடிப்புகளையும் விரல் இடுக்கையும் ஒற்றித் துடைக்க வேண்டும். அரைஞாண் கயிறு எப்போதும் நனைந்தபடி இடுப்பைச் சுற்றியே இருக்கிறது. சிகிச்சை முடியும்வரை அதைக் கழற்றிவைப்பது நல்லது. கை, கால்களில் கட்டியிருக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் இதுவே பொருந்தும். நம்பிக்கையை யாரும் விடவேண்டாம். குணமான பின் புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

அரசு செய்ய வேண்டியதும் தெளிவானது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஸ்டீராய்டுக் கலவைகளை விற்கும் கடைகளில் சீட்டு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கலவை உரிமங்களை ஒன்றொன்றாகத் தடுப்பதைவிட, படர்தாமரைக்கு ஸ்டீராய்டுக் கலவையே கூடாது என்ற விதியைக் கொண்டுவர வேண்டும். முதல்வர் மருந்தகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பு தீராமல் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வரும் ஊழியர், தோல் மடிப்பில் அரிப்பு உண்டா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால், கூச்சத்தால் மறைத்துவைத்த எத்தனையோ நோய் வெளியே வரும்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியம் ஒன்று நம் கையில் இருக்கிறது. இன்றே வீட்டு அலமாரியில் இருக்கும் தோல் டியூப்களை எடுத்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால், மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அது எந்த அரிப்புக்கும் பூசக்கூடிய மருந்து இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.